ஒன்பதாவது சொல்

வீட்டுக் கணினிக்கு ஒரு வாலட் தேர்ந்தெடுப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. என் கணினிக் கடைக்கு வருகிறவர்கள்தான் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது போலத் தவித்துப்போவார்கள். எது நல்லது, எது பத்திரம், பக்கத்து வீட்டுக்காரர் வேறு ஒன்று வைத்திருக்கிறாரே என்று ஆயிரம் கேள்வி. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன். சாவி உங்களிடம் இருக்க வேண்டுமா, இல்லை வேறு யாரிடமாவது இருந்தால் பரவாயில்லையா? அதற்குப் பதில் தெரிந்தால் மீதி வேலை பத்து நிமிடம்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், ஐயா. அவசரமில்லை என்றும் சொன்னீர்கள். அதனால் இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கிரிப்டோ நாணயம் என்பது கையில் பிடிக்கிற பொருள் இல்லை. அதைச் செலவழிக்கும் உரிமை ஒரு சாவியில் இருக்கிறது. அந்தச் சாவியை வைத்திருக்கும் நிரல்தான் வாலட். ஒருவகை வாலட்டில் சாவியை ஏதாவது ஒரு நிறுவனம் வைத்துக்கொள்ளும். கடவுச்சொல்லை மறந்துவிட்டால் அவர்களுக்குப் போன் போட்டு அழலாம், அடையாள அட்டையைக் காட்டலாம், திறந்து கொடுப்பார்கள். இன்னொரு வகையில் சாவி உங்கள் வீட்டுக் கணினியில் மட்டும் இருக்கும். அதை நிறுவும்போது திரையில் பன்னிரண்டு சொற்கள் வரும். கணினி எரிந்து போனாலும் வேறொரு கணினியில் அந்தப் பன்னிரண்டையும் வரிசை மாறாமல் தட்டினால் எல்லாம் திரும்பி வந்துவிடும். சொற்கள் போனால் எல்லாம் போச்சு. அழுவதற்குக்கூட ஆள் கிடையாது.

அக்காவுக்கு நான் தேர்ந்தெடுத்தது இரண்டாவது வகை. எந்த நிபுணரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அம்மாவும் அப்பாவும் ஒரே வருடத்தில் அடுத்தடுத்துப் போனபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், அவள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு மூன்றாவது மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவளுக்கு வந்த வரன்கள் என் படிப்பு முடியட்டும் என்று தட்டிப்போயின. எனக்கு வந்தவற்றை நானே தட்டிவிட்டேன். வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும்போது இன்னொரு ஆளைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்துவானேன் என்று இருந்தது. கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் எங்களைப் பார்த்து, தாயும் பிள்ளையும் மாதிரி என்பார்கள். அக்காவுக்கு அதைக் கேட்டால் கோபம் வரும். "அவ்வளவு கெழவியாவா தெரியறேன்?" என்று கண்ணாடி முன்னால் போய் நிற்பாள்.

அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்புவார்கள். இவள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டு எழுத்தாக்கித் தருவாள். மேசைக்கு அடியில் ஒரு மிதி இருக்கும். காலால் அழுத்தினால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். இருபது வருடமாக என் அறையில் படுத்துக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் அந்த மிதி டக், டக் என்று அடிப்பதைக் கேட்டிருக்கிறேன். அது கேட்டால் வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். வேறு ஊரிலிருந்து ஒரு பெண்மணி இவள் எழுதியதைச் சரிபார்த்துப் பிழை சொல்வாள். அக்கா அவளுக்குத் திருத்தக்காரி என்று பெயர் வைத்திருந்தாள். இரண்டு பேரும் நேரில் பார்த்ததே இல்லை, ஆனால் போனில் பேச ஆரம்பித்தால் அடுப்பில் இருப்பது தீய்ந்துபோகும்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அவளுக்கு வேலை தரும் நிறுவனம் சம்பளத்தை நாணயமாகத்தான் தருவோம் என்று சொல்லிவிட்டது. அக்கா என் கடைக்கே வந்துவிட்டாள்.

"ஏதோ வாலட்டாம்டா தம்பி. எதைப் போட்டிருக்கேன்னு எழுதி அனுப்பணுமாம். எனக்கு இந்தக் கண்றாவியெல்லாம் புரியாது. நீயே பார்த்து ஒண்ணு போட்டுக் குடு."

போட்டுக் கொடுத்தேன். முதலில் பழகிப் பார்க்க ஒன்று நிறுவி, எப்படித் திறப்பது, எப்படி மூடுவது என்று காட்டிவிட்டு அதை அழித்தேன். பிறகு உண்மையானதை நிறுவினேன். திரையில் வந்த பன்னிரண்டு சொற்களையும் அவளே தன் கையால் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். அவை ஆங்கிலச் சொற்கள். உங்கள் எழுத்தருக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று இங்கே தமிழில் சொல்கிறேன். ஏணி, தக்காளி, சமையலறை, கழுதை, இப்படிச் சம்பந்தா சம்பந்தமில்லாத சொற்கள். அவள் எழுத எழுதச் சிரித்தாள்.

அப்போதே மூன்று விதிகளைச் சொன்னேன். தொலைபேசியில் படம் எடுக்கக் கூடாது. மனப்பாடத்தை நம்பக் கூடாது. யாரிடமும், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், அந்தச் சொற்களைக் காட்டக் கூடாது. காட்டினால் அவர்தான் சொந்தக்காரர். இந்த மூன்றும் நான் கண்டுபிடித்தவை அல்ல. தொழில் தெரிந்த எல்லோரும் சொல்வதுதான். அக்கா நான் சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்கிறவள்.

தாள் நனைந்துபோகும், எரிந்துபோகும் என்பதால் சொற்களைத் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் அடித்துவைப்பது ஒரு வழக்கம். கடையில் எழுத்து அச்சுகளும் சுத்தியலும் இருந்தன. ஒவ்வொரு எழுத்தாக வைத்து அடிக்க வேண்டும். பன்னிரண்டு சொல்லுக்கு அரை நாள் ஆகிவிடும். அக்காவுக்காகச் செய்தேன். முடிந்ததும் அவள் எழுதிய தாளை அவள் கண் முன்னாலேயே அடுப்பில் காட்டி எரித்தேன். இரண்டு பிரதி இருந்தால் இரண்டு ஆபத்து என்று விளக்கினேன். அவள் தகட்டைத் துணியில் சுற்றிப் புடவைகளுக்கு அடியில் வைத்தாள்.

அந்த வாரத்தில்தான் இன்னொரு பேச்சும் நடந்தது. அவள் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள்.

"நான் தனியா ஒரு வீடு பார்த்துக்கிட்டா நீ சமாளிச்சுப்பியாடா?"

"எதுக்குத் தனி வீடு?"

"சும்மாதான் கேக்கறேன். சின்னதா ஒரு வீடு. நானே பூட்டி நானே திறக்கற மாதிரி. பொறந்ததிலேர்ந்து யாருக்காவது சோறு எடுத்து வச்சுக்கிட்டேதானே இருக்கேன்." என் சட்டையை மடித்து மேலே வைத்துத் தட்டினாள். "பயப்படாதே, இப்ப இல்லை. கொஞ்சம் சேரட்டும்."

நானும் சிரித்தேன். ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. அதை மறைக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை. அன்றைக்குக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, வீடு திரும்பினால் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லாமல் இருக்கும் என்று நினைத்தேன். கையில் வேலை ஓடவில்லை. மறுநாள்தான் தகட்டை அடித்தேன்.

மூன்று வருடம் ஒரு குறையும் இல்லை. சம்பளம் வந்து சேர்ந்துகொண்டே இருந்தது. அவள் கடவுச்சொல்லைப் போட்டு மாதம் ஒரு முறை திறந்து பார்ப்பாள், தேவைக்குக் கொஞ்சம் எடுப்பாள், மூடிவிடுவாள். தகடு தேவைப்படவே இல்லை. வீட்டைப் பற்றியும் அவள் வாயைத் திறக்கவில்லை, மறந்துவிட்டாள் என்றே நினைத்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். நான்கு தெரு தள்ளி ஒரு வீடு பார்த்துவிட்டாளாம். தரைத்தளம், ஒரு அறை, பின்பக்கம் துணி காயப்போட இடம். அடுத்த வாரம் முன்பணம் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"நாலே தெருடா. தினம் வந்து சாப்பிட்டுட்டுப் போ. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே."

செவ்வாய்க்கிழமை அவள் கணினி எழுந்திருக்கவில்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பிரித்தேன். உள்ளே எல்லாம் பதிவாகியிருக்கும் வட்டு போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று வந்து சொன்னேன். அவள் கலங்கவே இல்லை. "அதான் தகடு இருக்கே," என்றாள். கடையிலிருந்து வேறொரு கணினியைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தேன். அவள் தகட்டைப் பிரித்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகத் தட்டினாள்.

திறக்கவில்லை. திறக்காது என்று எனக்குத் தெரியும். அந்தத் தகட்டில் பதினொரு சொற்கள் சரியானவை. ஒன்பதாவது சொல் போர்வை. நான் அங்கே கரண்டி என்று அடித்திருந்தேன்.

கை தவறிவிட்டதா என்று நேற்று கேட்டீர்கள். நான் கை தவறுகிறவன் இல்லை. அது ஒரு முன்னெச்சரிக்கை. வாசல் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருப்பதில்லையா, அது மாதிரி. போடாமலே போகலாம் என்றுதான் நினைத்தேன்.

அவள் மூன்று முறை தட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "எழுதும்போது நான்தான் ஏதோ தப்பா எழுதியிருக்கேன் போலிருக்குடா," என்றாள். அவளாகவே சொன்னாள். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆமாம், அப்படித்தான் இருக்கும் என்று மட்டும் சொன்னேன்.

இந்தச் சொற்கள் எல்லாம் ஒரே பட்டியலிலிருந்து வருகின்றன. மொத்தம் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு. ஒரு சொல்தான் தவறு, அது எந்த இடத்தில் என்று தெரியாவிட்டால், பன்னிரண்டு இடத்திலும் பட்டியல் முழுவதையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். இருபத்துநாலாயிரத்துச் சொச்சம் முறை. இதைச் செய்ய நிரல்கள் உண்டு. ஒரு குவளை தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் முடித்துவிடும். அக்கா கேட்டாள், இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று. கையால்தான் தட்டிப் பார்க்க வேண்டும் என்றேன்.

என் எண்ணம் என்னவென்றால், ஒரு வாரம் தட்டிவிட்டு அலுத்துப் போவாள், வீட்டு ஆசையை விட்டுவிடுவாள். இருபது வருடம் ஒரே வேலையைச் செய்தவளைப் பற்றி அப்படி நினைத்தது என் தவறு. ஒரு நீள நோட்டு வாங்கிக் கோடு போட்டாள். வேலை முடிந்ததும் சாயங்காலம் நான்கு மணிக்கு உட்காருவாள், ஒரு நாளைக்கு நாற்பது சொல். தட்டுவாள், வராது, நோட்டில் ஒரு டிக். ஏறக்குறைய பதினாறில் ஒன்று திறக்கும், அது இந்த வாலட்டின் அமைப்பு. திறந்தால் உள்ளே யாருக்கும் சொந்தமில்லாத ஒரு காலிக் கணக்கு இருக்கும். ஒவ்வொரு நாளும் இரண்டு முறையோ மூன்று முறையோ அவளுக்குத் திறந்தது. திறக்கும்போதெல்லாம் மூச்சை இழுத்துப் பிடிப்பாள். பூஜ்யத்தைப் பார்த்ததும் மெதுவாக விடுவாள். நான் என் அறையில் இருந்தாலும் அந்த மூச்சு எனக்குக் கேட்கும். இப்போது உங்கள் இந்த அறையிலும் கேட்கிறது, ஐயா. ஜன்னலைச் சாத்திப் பார்த்தேன், நிற்கவில்லை.

இரண்டு மாதம் ஆன பிறகு ஒரு நாள், தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"போர்வைன்னு ஒரு சொல்லு வந்த மாதிரி எனக்கு ஞாபகம்டா. எழுதும்போது குளிர்காலத்தை நெனச்சுக்கிட்டேன்."

"அது முதல்ல பழகறதுக்கு ஒண்ணு போட்டோமே, அதுல வந்தது அக்கா. அதை அழிச்சாச்சு."

"அப்படியா?" என்றாள். "என் மண்டையே மண்டை."

அதோடு விட்டுவிட்டாள். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளுக்கு.

அந்த மாதத்தில்தான் மாடிப்படியில் விழுந்தாள். ஓரத்தில் இருக்கும் படி தெரியவில்லை என்றாள். கண் மருத்துவர் எதையெதையோ வைத்துப் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பை அரித்துக்கொண்டிருக்கிறது என்றார். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், அதற்கு ஒரு அறுவைச் சிகிச்சை, அதைச் செய்கிறவர் தலைநகரில் இருக்கிறார். அவர் விளக்கி முடிப்பதற்குள் அக்கா எழுந்துவிட்டாள். பேருந்தில் வரும்போது சொன்னாள்.

"இந்த அறிக்கையை எத்தனை பேருக்கு டைப் பண்ணியிருக்கேன் தெரியுமா? அவர் அடுத்து என்ன சொல்லப் போறார்னு எனக்கு வரிக்கு வரி தெரியும்."

என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன், அன்று வீடு வரும் வரைக்கும். யோசித்துப் பாருங்கள். அன்றைக்குத்தான் அவளுக்குக் கண்ணைப் பற்றிய செய்தி. அதே நாளில், உன் தம்பி இப்படிச் செய்துவிட்டான் என்ற செய்தியையும் தலையில் போட்டால் அவள் என்ன ஆவாள்? கண் போகும் நேரத்தில் தம்பியும் போய்விட வேண்டுமா? அந்தக் கொடுமையைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. கடையை விற்றுவிடுகிறேன் என்று சொன்னேன். உண்மையாகவே சொன்னேன். "கடையை வித்துட்டு நீ என்னடா பண்ணுவே? வாயை மூடு," என்றாள். அப்படித்தான் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். புது வாலட்டுக்கு வரும் சம்பளம் அறுவைக்குப் போதாது. கடன் வாங்கவும் அவள் இசையவில்லை. சேர்த்துவைத்தது அங்கேயே இருக்கிறது, இன்றைக்கோ நாளைக்கோ திறந்துவிடும், அதற்குள் எதற்கு ஊரான் காசு என்றாள். நாற்பதை அறுபதாக்கலாம் என்று பார்த்தாள். கண் வலித்தது. மறுபடி நாற்பதுக்கே வந்துவிட்டாள்.

எழுத்து மங்க ஆரம்பித்ததும் அவள் ஒரு காரியம் செய்தாள். பார்வை இருக்கும்போதே அந்தப் பட்டியல் முழுவதையும், இரண்டாயிரத்து நாற்பத்தெட்டையும், தன் குரலிலேயே வாசித்துப் பதிவு செய்துகொண்டாள். பிறகு மிதியை அழுத்தினால் அவள் குரல் ஒரு சொல்லைச் சொல்லும். காலை எடுத்தால் நிற்கும். காதால் கேட்டுத் தட்டுவது அவளுக்குக் கை வந்த வேலை. திரை தெரியாமல் போனபோது தட்டும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். கடையை மூன்றரைக்கே சாத்திவிட்டு வந்துவிடுவேன். அவள் மிதிப்பாள், குரல் சொல்லும், நான் தட்டுவேன், "வரலை அக்கா" என்பேன், டிக் போடுவேன். திரையில் இருப்பதைக் கணினியே வாசித்துச் சொல்லும் வசதி ஒன்று உண்டு. அதைப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டாள். இந்தக் கணினி தாங்காது என்றேன். அவள் வேலையும் அந்த மாதத்தோடு நின்றது.

நாங்கள் அத்தனை நெருக்கமாக எப்போதும் இருந்ததில்லை. நான் சிறுவனாக இருந்தபோதுகூட இல்லை. இரண்டு பேரும் ஒரே மேசையில், முழங்கை இடிக்க இடிக்க உட்கார்ந்து, ஏதாவது சிரிக்கிற மாதிரி ஒரு சொல் வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்போம்.

எந்த நாள் ஒன்பதாவது இடத்துக்கு வருவோம், எந்த நாள் அந்தச் சொல் வரும் என்று எனக்குக் கணக்கு தெரியும். நானூற்றுப் பதினான்காவது நாள். அதற்கு முந்தைய வாரம்தான் மருத்துவரிடம் அழைத்துப் போயிருந்தேன். இடது கண் முழுவதும் போய்விட்டது, வலது கண்ணில் ஒரு மூலையில் மிச்சம் இருக்கிறது, இரண்டு மாதத்துக்குள் செய்தால் அந்த மூலையாவது நிற்கும் என்றார். அந்த மூலையால்தான் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை ஒருபக்கமாகச் சாய்த்துப் பார்ப்பாள்.

அன்று மழை பெய்துகொண்டிருந்தது. நான் இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். மிதி அழுந்தியது. அவள் குரல் ஒரு சொல்லைச் சொன்னது, தட்டினேன், வரவில்லை. மறுபடி மிதி. போர்வை என்றது அவள் குரல்.

அவள் காலை எடுத்தாள். அடுத்ததற்குப் போகாமல் அப்படியே இருந்தாள்.

"இதுதான்டா அந்தச் சொல்லு," என்றாள். "எட்டு எடத்துல வச்சுப் பாத்தாச்சு இல்லே?"

"ஆமாக்கா. எட்டுலயும் வரலை."

"இதுலயும் போடு. பாப்போம்."

தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாள். நான் அந்தப் பட்டியலில் அதற்கு அடுத்ததாக இருந்த சொல்லைத் தட்டினேன். திரையில், தவறு என்று வந்தது. ஐயா, என் விரல் நடுங்கவில்லை. அதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நடுங்கியிருந்தால் அவள் கேட்டிருப்பாள். அவ்வளவு நுட்பமான காது.

"வரலை அக்கா."

"சரி," என்றாள். மிதியை அழுத்தினாள்.

நோட்டில் அந்தச் சொல்லுக்கு நேராக டிக் போட்டேன். அன்றைக்கு அதற்குப் பிறகு முப்பத்தொரு சொல் பார்த்தோம். டீ ஆறிப்போயிருந்தது, சூடாக்கிக் கொடுத்தேன்.

மிச்சம் இருந்த எட்டாயிரத்துச் சொச்சத்தையும் நான் ஒழுங்காகத் தட்டினேன். ஒன்றைக்கூட விடவில்லை. அந்த நோட்டு உங்களிடம்தான் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். வலது கண்ணும் நடுவில் ஒரு நாள் போய்விட்டது. காலையில் எழுந்து, "விடிஞ்சிடுச்சாடா?" என்று கேட்டாள். ஜன்னல் வழியாக வெயில் அவள் மடியில் விழுந்துகொண்டிருந்தது. இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஒரு அரை மணி நேரமாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று.

வீட்டில் சுவரோரமாகக் கயிறு கட்டினேன். அடுப்புக் குமிழ்களில் பட்டன் ஒட்டித் தடவினால் தெரிகிற மாதிரி செய்தேன். வலிக்கு நாளுக்கு மூன்று வேளை சொட்டு மருந்து, ஒரு வேளையும் தவறியதில்லை. கண் போன பிறகு அவள் ஒரு முறைகூட இடறி விழவில்லை. கீழ்த்தளத்தில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்பார்கள்.

கடைசிச் சொல்லும் முடிந்த அன்று அவள் அழவில்லை. நோட்டை வாங்கித் தடவிப் பார்த்து மூடினாள். அதற்குப் பிறகு துணி மடிக்கும்போதும் காய் நறுக்கும்போதும் தகட்டில் உள்ள பன்னிரண்டையும் வரிசையாக முணுமுணுக்க ஆரம்பித்தாள். ஒன்பதாவது வரும்போது ஒரு நொடி நிற்பாள். பிறகு கரண்டி என்பாள். நான் பக்கத்து அறையில் இருந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். தெருமுனை வரை போனாலும் அந்த ஒரு நொடி கூடவே வரும்.

திருத்தக்காரி போன மாதம் ரயிலேறி வந்துவிட்டாள். அக்கா வேலையை விட்டதிலிருந்து அவளுக்கு மனசே ஆறவில்லையாம். நான் கடையில் இருந்தேன். அக்கா இத்தனை நாள் என் விதியைக் காப்பாற்றி ஒரு ஆளிடமும் மூச்சு விடவில்லை. இனிமேல் போக என்ன இருக்கிறது என்று தகட்டையும் நோட்டையும் தூக்கி அவளிடம் கொடுத்துவிட்டாள். திருத்தக்காரியின் வீட்டுக்காரருக்கு நிரல் எழுதத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. ஊருக்குப் போன அன்றே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒன்பதாவது இடத்தில் போர்வை. எல்லாம் அப்படியே இருந்தது.

அதோடு நிறுத்தியிருந்தால், பாவம் தம்பிக்குக் கை தவறிவிட்டது என்று போயிருக்கும். ஆனால் அவள் பிழை பார்க்கிறவள். நோட்டைப் புரட்டி ஒன்பதாவது இடத்துக்குப் போய், போர்வைக்கு நேராக என் டிக் இருப்பதைப் பார்த்திருக்கிறாள். சரியான சொல் தட்டப்பட்டு, வரவில்லை என்று டிக்கும் போடப்பட்டிருக்கிறது. அது எப்படி என்று யோசித்திருக்கிறாள். யோசித்தவள் அக்காவிடம் போகாமல் நேரே உங்களிடம் வந்துவிட்டாள். நீங்கள் கடைக்கு வந்தபோது உங்கள் பின்னால் நின்றாள். குள்ளமான பெண்மணி, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?"

கடை மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருந்த, அக்கா கணினியின் வட்டை நானேதான் எடுத்துக் கொடுத்தேன். வெள்ளிப் பையில் போட்டு, மேலே அக்கா என்று சீட்டு ஒட்டி வைத்திருந்தேன். அது கெட்டுப்போகவில்லை, எப்போது மாட்டினாலும் ஓடும். கெட்ட எண்ணம் உள்ளவனாக இருந்தால் உடைத்துப் போட்டிருப்பேன் இல்லையா? அவளுடைய நாணயத்தில் ஒன்றைக்கூட நான் தொடவில்லை. சொற்கள் எனக்குத் தெரியும், எந்த நிமிடமும் எடுத்திருக்கலாம். அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டதற்கும் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். தகட்டை மாற்றி அடித்தது நான்தான். கணினி எழுந்திருக்காதபடி வட்டைக் கழற்றியது நான்தான். கண் போய்விடும் என்று தெரிந்தபோது ஒன்பதாவது சொல்லும் எனக்குத் தெரியும். நானூற்றுப் பதினான்காம் நாள் அவள் அதைத் தட்டச் சொன்னபோது, தட்டினால் ஒரு கண்ணின் மூலையாவது மிஞ்சும் என்று தெரிந்தேதான் வேறு சொல்லைத் தட்டினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை என்று உங்கள் காவலர் சொன்னார். சொல்லத்தான் வேண்டும் என்றால் என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஐயா. நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிறேன். இப்படி ஒரு செய்தியை அவளால் தனியாகத் தாங்க முடியாது. அவளுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை.